சதுப்பில் நிற்கும் சோறு

சேகோ என்னும் பனைவகை மரம் ஒன்றை வெட்டித் தண்டிலிருந்து மாவெடுத்தால் ஒரு ஆள் ஒரு வருஷம் சாப்பிடலாம். இந்தக் கணக்கைப் போட்டவர் ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரட் ரசல் வாலஸ், 1860 வாக்கில், இன்றைய இந்தோனேசியாவின் செராம் தீவில் இருந்தபோது. இரண்டு ஆண்கள் ஐந்து நாளில் ஒரு மரத்தை மாவாக்கிவிடுவார்கள், இரண்டு பெண்கள் அடுத்த ஐந்து நாளில் அவ்வளவையும் ரொட்டியாகச் சுட்டுவிடுவார்கள், மொத்தம் 1,800 ரொட்டி, 600 பவுண்டு எடை, ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஐந்து ரொட்டி என்று எண்ணி எழுதி வைத்திருக்கிறார். கணக்கில் தப்பில்லை. நல்ல மரம் ஒன்று 150 முதல் 300 கிலோ வரை மாவு தரும் என்றுதான் இன்றைக்கும் சொல்கிறார்கள். எனக்குப் பொறுக்காதது அதற்கு அடுத்து அவர் வந்து சேர்ந்த முடிவு. சாப்பாடு இவ்வளவு மலிவாகக் கிடைப்பது இந்த மக்களுக்குக் கெடுதல்தான், நெல் விளைகிற ஊர்க்காரர்கள் அளவுக்கு இவர்கள் வசதியாக இருப்பதில்லை என்றார்.

அந்த எண்ணம் அவரோடு போய்விடவில்லை. சேகோ ஏழைகள் சாப்பாடு, காட்டுக்காரர்கள் சாப்பாடு, அரிசிக்கு மாறுவதுதான் முன்னேற்றம் என்று நூறு நூற்றைம்பது வருஷமாக இந்தத் தீவுகள் முழுக்க அதிகாரிகள் பேசி வந்திருக்கிறார்கள். சேகோ நிற்கிற சதுப்பு நிலத்தைப் பார்த்து "சும்மா கிடக்கிற நிலம்" என்று கோப்பில் எழுதுவது இன்றைக்கும் நின்றபாடில்லை. சும்மா கிடக்கவில்லை, அங்கே ஒரு பிழைப்பு இருக்கிறது, அதுவும் நன்றாக யோசித்து நடத்தப்படுகிற பிழைப்பு என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் தீபகற்ப மலேசியாவில் தோட்டத்தில் வளர்ந்தவன். எங்களுக்குச் சவ்வரிசி என்றால் தீபாவளிப் பாயசம், இல்லாவிட்டால் தேங்காய்ப்பாலும் பனைவெல்லமும் ஊற்றிய சாகோ குலா மலாக்கா. இது ஒரு மரத்தின் தண்டுக்குள் இருந்து வருகிறது என்று சிறுவயதில் யாரும் சொன்னதில்லை. தமிழ்நாட்டு உறவினர்களிடம் கேட்டால் மரவள்ளிக்கிழங்கில் செய்வது என்பார்கள், அவர்கள் சொல்வதும் உண்மை. போருக்கு முன்னால் இந்தியாவுக்குச் சவ்வரிசி இந்தப் பக்கத்திலிருந்துதான் கப்பலேறிப் போனது. இரண்டாம் உலகப் போரில் அந்த வரவு நின்றதும், 1943 வாக்கில் சேலத்தில் மரவள்ளி மாவை உருட்டி வறுத்துச் சவ்வரிசியாக்கத் தொடங்கினார்கள். அது வளர்ந்து ஆயிரக்கணக்கான விவசாயிகளின் பிழைப்பாகி, 1981ல் சேகோசர்வ் கூட்டுறவு வந்து, 2023ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அது தனியாக எழுத வேண்டிய கதை. எங்கள் தோட்டத்துப் பெரியவர்கள் சப்பான்காரன் காலத்தில் மரவள்ளியைத் தின்று உயிர் பிழைத்ததைச் சொல்லிச் சொல்லி எனக்கு மரவள்ளி தெரியும். சேகோ மரத்தை வளர்ந்து பெரியவனான பிறகு போர்னியோ தீவில் இருக்கும் சரவாக் மாநிலத்தில்தான் பார்த்தேன்.

சரவாக்கில் சேகோ என்றால் மூக்கா. மூக்கா, ஓயா, டாலாட், மாத்து என்று கடலோரமாக நீளும் அந்தத் தாழ்வான சதுப்புப் பகுதி மெலனாவ் மக்களுடையது. அவர்களுக்கு நெல் பெரிய விஷயமில்லை. மண் அப்படி: மக்காத இலைதழை படிந்து கிடக்கும் கரிச்சதுப்பு, அமிலத் தண்ணீர், வருஷத்தில் பாதி நாள் கணுக்காலுக்கு மேல் நீர். அந்த நீரில் உரம் எதுவும் போடாமல் நிற்கிற மரம் சேகோ. மலாய் மொழியில் ரும்பியா. அதன் ஓலையைத்தான் அத்தாப்புக் கூரைக்கும் பின்னுவார்கள், பழைய தோட்ட லயத்து வீடுகளில் வாழ்ந்தவர்களுக்கு அத்தாப்பு தெரிந்திருக்கும்.

மரத்தின் வாழ்க்கையைப் புரிந்துகொண்டால்தான் இந்தத் தொழிலின் சாமர்த்தியம் புரியும். சேகோ ஒரே ஒருமுறைதான் பூக்கும், பூத்துக் காய்த்தால் செத்துவிடும், நம் ஊர்த் தாளிப்பனை மாதிரி. அந்த ஒரு பூப்புக்காகப் பத்துப் பன்னிரண்டு வருஷம், சில இடங்களில் பதினைந்து வருஷம்கூட, தண்டுக்குள் மாவைச் சேர்த்துக்கொண்டே இருக்கும். பூத்துக் காய் பிடித்துவிட்டால் மாவு முழுக்க மேலே போய்விடும், தண்டு வெறும் நார். அதனால் உச்சியில் புது ஓலைகள் சிறுத்து, பூங்குலை கிளம்பப் போகிற சமயம் பார்த்து வெட்ட வேண்டும். இந்தச் சமயத்தைக் கண்டுபிடிக்கிறவர்தான் கெட்டிக்காரர். மேலே ஓலையைப் பார்ப்பார்கள், தண்டில் சின்னதாகத் துளை போட்டு உள்ளிருக்கும் சோற்றை, அதாவது மென்மையான நடுப்பகுதியை, எடுத்து விரலால் நசுக்கிப் பார்ப்பார்கள். மரத்தை வெட்டினாலும் அடியில் ஏற்கெனவே பக்கக்கன்றுகள் வளர்ந்து நிற்கும், அடர்ந்த கன்றுகளைக் கழித்து நல்ல கன்றுகளை விட்டுவைத்தால் போதும், திரும்ப நடுகிற வேலை இல்லை. முதல் மரத்துக்குத்தான் காத்திருப்பு. அதற்கப்புறம் ஒரு தூர் ஒன்றிரண்டு வருஷத்துக்கு ஒரு மரம் கொடுத்துக்கொண்டே இருக்கும். தாத்தா வைத்த தூரில் பேரன் வெட்டுகிறான்.

இங்கேதான் தோட்டத்துக்காரனான எனக்கு மனசு நின்றது. செம்பனையை, அதாவது எண்ணெய்ப்பனையை, எனக்கு நன்றாகத் தெரியும். குலை பழுத்து வெட்டினால் 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போயாக வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெய் கெட்டு விலை போய்விடும். அதனால் ஆலை சொல்கிற நேரம்தான் நேரம், லோரி வருகிற நாள்தான் நாள். செம்பனைக்காரன் மழையிலும் குலை வெட்டுவான், காய்ச்சலிலும் வெட்டுவான். சேகோ மரம் காத்திருக்கும். இந்த மாதம் வேண்டாமா, அடுத்த மாதம் வெட்டிக்கொள்ளலாம், முற்றிய மரம் பூக்கும் வரைக்கும் நின்றுகொண்டுதான் இருக்கும். பள்ளிக்கூடம் திறக்கிறது, கல்யாணம் வருகிறது, கடலில் மீன் இல்லை, அப்போது ஒன்றை வெட்டு. மீன் நிறையக் கிடைக்கிற காலத்தில் மரத்தைத் தொடாதே. வெள்ளம் வந்தாலும் வறட்சி வந்தாலும் உள்ளே இருக்கிற மாவு அப்படியே இருக்கும், எலி தின்னாது, களஞ்சியமும் வேண்டாம். எப்போது வெட்டுவது என்ற தீர்மானம் குடும்பத்தின் கையில் இருக்கிறது. கூலிவேலையின் வாசனையிலேயே வளர்ந்த எனக்கு இதைவிடப் பெரிய செல்வம் எதுவும் தோன்றவில்லை. வாலஸ் பார்த்தது மலிவான சாப்பாட்டை மட்டும்தான். அந்தச் சாப்பாடு கொடுத்த சுதந்திரத்தை அவர் நஷ்டக் கணக்கில் எழுதிவிட்டார்.

சரி, மாவு எப்படி எடுக்கிறார்கள்? மூக்கா பக்கத்தில் தெல்லியான் கிராமத்தில் பழைய முறையை இன்னும் செய்து காட்டுகிறார்கள். வெட்டிய தண்டைத் துண்டுகளாக அறுத்து, பட்டையைப் பிளந்து, உள்ளே இருக்கும் வெளிறிய சோற்றை ஆணி அடித்த பலகையால் துருவுவார்கள். இது ஆண்கள் வேலை. பிறகு பெண்கள் வேலை. ஆற்றோரமாகத் தண்ணீருக்கு மேலே பரண் கட்டி, அதில் பாயை விரித்து, துருவலைக் குவித்து, வாளி வாளியாக ஆற்றுநீரை ஊற்றிக் காலால் மிதிக்க வேண்டும். மாவு கரைந்து பால்போல் பாய் வழியாகக் கீழே இருக்கும் தொட்டியில் இறங்கும். சக்கை மேலே நிற்கும். தொட்டியில் மாவு அடியில் தங்கியதும் மேல்நீரை வடித்தால் ஈரமாவு, லமாந்தாக் என்கிறார்கள். இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளிலும் பாப்புவாவிலும் மிதிக்காமல் கையால் பிசைந்து கழுவுவார்கள். அங்கே தொட்டியே அந்த மரத்தின் மட்டைதான், வடிகட்டி தென்னம்பன்னாடை. கடையில் வாங்குகிற சாமான் எதுவுமில்லாமல் ஒரு குடும்பம் காட்டுக்குள் போய் மூட்டை மூட்டையாக மாவோடு திரும்பலாம்.

மிதிப்பது சுலபமான வேலை என்று யாரும் நினைக்க வேண்டாம். இடுப்பும் முழங்காலும் போய்விடும். தெல்லியானில் ஒரு மாக்சிக், வயதான அம்மா, என்னிடம் பேசினார், எழுபது வயதுக்கு மேல் இருக்கும், சின்ன வயதில் அம்மாவோடு விடியற்காலையில் பரணில் ஏறி மத்தியானம் வரைக்கும் மிதித்தவர். "வலிக்கும், ஆனால் அந்த மாவு எங்களோடது" என்றார். அம்மா மாவைக் கடைக்குக் கொண்டுபோய்ப் போட்டால் அம்மா கையில் காசு, அதை யாரும் கேட்கமாட்டார்களாம்.

அந்தக் காசு எப்படிப் போனது என்பதுதான் இந்தக் கதையில் எனக்கு ரொம்ப வலிக்கிற இடம். மூக்கா சேகோ பழைய காலத்திலிருந்தே வியாபாரப் பொருள். 1861ல் மூக்கா உள்ளிட்ட கடற்கரை புருணை சுல்தானிடமிருந்து, சரவாக்கை ஆண்ட ஆங்கிலேயர் ஜேம்ஸ் புரூக்கின் கைக்கு மாறியதற்குப் பின்னால் இந்த சேகோ வியாபாரம்தான் பெரிய காரணமாக இருந்தது. பச்சைமாவு கூச்சிங்குக்குப் போகும், அங்கிருந்து சிங்கப்பூர், அங்கே சீனர்களின் ஆலைகளில் அதைச் சுத்தம் செய்து மணியாக உருட்டி ஐரோப்பாவுக்கும் இந்தியாவுக்கும் அனுப்பினார்கள். அத்தனை தூரம் போனாலும், மரத்தை மாவாக்கும் வேலை கிராமத்தில் இருந்தது. மெலனாவ் பெண்ணின் காலில் இருந்தது என்றே சொல்லலாம். போருக்குப் பின்னால் துருவும் இயந்திரங்கள் வந்தன. தௌக்கேக்களின், அதாவது சீன முதலாளிகளின், ஆலைகள் மரத்தைத் துண்டாகவே வாங்கத் தொடங்கின. தண்டைச் சுமார் ஒரு மீட்டர் துண்டுகளாக அறுத்து, கட்டி, ஆற்றில் மிதக்கவிட்டு ஆலைக்கு இழுத்துப் போனால் போதும். உடம்புவலி போனது, நல்லது. கூடவே மாவு எடுக்கிற வருமானமும் போனது. குடும்பம் மாவு விற்கிறவர்களாக இருந்து துண்டுமரம் விற்கிறவர்களாக ஆனது. பெண்களுக்கு இந்தத் தொழிலில் சொந்தமாக இருந்த பங்கு ஏறக்குறைய மறைந்துவிட்டது. இயந்திரம் வந்தது தப்பு என்று நான் சொல்லவில்லை. அந்த இயந்திரம் யாருடைய கொட்டகையில் போய் உட்கார்ந்தது என்பதைத்தான் பார்க்கச் சொல்கிறேன்.

ஆலையின் சக்கைக்கு ஹம்பாஸ் என்று பெயர். அதில் இன்னும் பாதிக்கு மேல் மாவுச்சத்து தங்கியிருக்கிறது என்று ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். அதையும் பட்டையையும் பல காலமாக ஆற்றில்தான் தள்ளினார்கள். மீனும் மாவும் சேர்ந்தால்தான் மெலனாவ் சாப்பாடு, ஆற்றைக் கெடுத்தால் பாதித் தட்டு காலி.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் போனால் இந்தக் கட்டுரைக்கே அர்த்தமில்லை. சேகோ ஏறக்குறைய வெறும் மாவுச்சத்து, புரதம் இல்லையென்றே சொல்லலாம். அதனால் அதைத் தனியாக எடைபோட்டுச் சத்தில்லாத உணவு என்று ஒதுக்குகிறவர்கள் அதை எதோடு சாப்பிடுகிறார்கள் என்று பார்ப்பதில்லை. மூக்காவில் உமாய் சாப்பிட்டேன்: அன்றைக்குப் பிடித்த மீனை மெல்லிசாகச் சீவி, எலுமிச்சைச் சாறும் வெங்காயமும் மிளகாயும் சேர்த்துப் பச்சையாகவே, பக்கத்தில் சுட்ட சேகோ உருண்டைகள். ஈரமாவில் தேங்காயும் அரிசித்தவிடும் சேர்த்து உருட்டிச் சுட்டது அது, கடித்தால் மொறுமொறு என்று இருக்கும். கொதிநீர் ஊற்றிக் கிண்டினால் பசைபோல் திரண்டு வரும் லினுட் என்னும் கூழ், அதை மிளகாய்ச் சம்பாலில் தோய்த்து விழுங்க வேண்டும். தெபாலோய் என்ற மெல்லிய இனிப்பு பிஸ்கட் இப்போது சரவாக் முழுக்கக் கடைகளில் விற்கிறது, அதை வீட்டு அடுப்பில் செய்து விற்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள் என்பதில் எனக்குச் சின்ன சந்தோஷம். அப்புறம் புழு. வெட்டிப்போட்ட தண்டில் கூன்வண்டு முட்டையிட்டுப் பெருவிரல் பருமனுக்குப் புழு வளரும், அதை வறுத்தும் பச்சையாகவும் தின்பார்கள். நம் தென்னை விவசாயிகள் மருந்தடித்துக் கொல்லப் படாதபாடு படுகிற சிவப்புக் கூன்வண்டின் இனம்தான் அது. மரத்தில் இல்லாத கொழுப்பும் புரதமும் புழுவில் இருக்கிறது. இந்த மக்கள் மரத்தையும் அதன் பூச்சியையும் சேர்த்தே சாப்பாடாக்கி வைத்திருக்கிறார்கள்.

சரவாக்கிலேயே இன்னொரு சேகோவும் இருக்கிறது. அது சதுப்பில் இல்லை, உள்நாட்டு மலைமுகடுகளில், பாராம், லிம்பாங் ஆறுகளின் தலைப்பகுதிகளில். மரமும் வேறு இனம், சேகோவைவிடச் சின்னது, கூட்டமாக முளைப்பது. அதை நம்பி வாழ்ந்தவர்கள் பெனான் மக்கள். காடு காடாக நடந்து வேட்டையாடி வாழ்ந்தவர்களுக்கு இந்த மலைச்சேகோதான் அன்றாடச் சோறு. ஒரு கூட்டத்தில் முற்றிய தண்டுகளை மட்டும் வெட்டுவார்கள், மற்றவற்றை விட்டுவிட்டு அடுத்த மலைக்கு நகர்வார்கள், சில வருஷம் கழித்து அந்தக் கூட்டம் தேறியதும் திரும்பி வருவார்கள். இந்தத் தூர் எங்களுடையது, இதைப் பேணுவோம் என்று அடையாளம் வைத்துக்கொள்கிற வழக்கத்தை மோலோங் என்கிறார்கள். வேலி கிடையாது, ஆனால் யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். 1980களில் மரம் வெட்டும் நிறுவனங்களின் புல்டோசர்கள் அந்த முகடுகளில் பாதை போட்டபோது முதலில் நசுங்கியவற்றில் இந்தச் சேகோத் தூர்களும் உண்டு. பெரிய மரத்துக்குத்தான் விலை, சேகோ அவர்கள் கண்ணுக்கு வெறும் புதர். 1987ல் பெனான் மக்கள் பாதைகளின் குறுக்கே கம்பு கட்டி மறித்து நின்ற படங்கள் உலகம் முழுக்கப் போயின. அந்தப் படங்களில் பச்சைக் காட்டைப் பார்த்தவர்கள், அவர்கள் தங்கள் சோற்றுப்பானைக்கு முன்னால் நிற்கிறார்கள் என்று பார்த்திருப்பார்களா தெரியவில்லை.

சதுப்புக்குத் திரும்பினால் அங்கே அடி வேறுவிதமாக விழுகிறது. செம்பனைக்கும் காகித மரங்களுக்கும் தண்ணீர் ஆகாது, நீர்மட்டம் அரை மீட்டருக்குக் கீழே இறங்க வேண்டும், அதற்காகக் கால்வாய் வெட்டி வடிக்கிறார்கள். கரிச்சதுப்பு காய்ந்தால் அமுங்கும், பற்றினால் மாதக்கணக்கில் புகையும். பல வருஷங்களில் நாங்கள் மூச்சுத்திணறுகிற புகைமூட்டத்தில் பெரும்பங்கு இதுதான். சுமாத்ராவின் ரியாவ் மாநிலத்தில் மெராந்தித் தீவுகளில் சுங்கை தோஹோர் என்று ஒரு கிராமம், முழுக்க சேகோவில் வாழ்கிற ஊர், சின்னச் சின்ன ஆலைகள் அவர்களுடையதே. பக்கத்துத் தோட்ட நிறுவனத்தின் கால்வாய்களால் சதுப்பு காய்ந்து 2014ல் தீப்பிடித்துச் சேகோ எரிந்தது. ஊர்க்காரர்கள் மனு எழுதி ஜனாதிபதியைக் கூப்பிட்டார்கள். அந்த வருஷம் நவம்பரில் அப்போதைய இந்தோனேசிய ஜனாதிபதி ஜோக்கோவி உண்மையாகவே வந்து, கால்வாயை அடைக்கிற வேலையில் கைவைத்தார். அந்த ஊர் கேட்டது நிவாரணமும் இல்லை, புதுத் தொழிலும் இல்லை. தண்ணீரை நிற்கவிடுங்கள் என்றுதான் கேட்டது.

எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. பத்துப் பன்னிரண்டு வருஷம் காத்திருக்க இன்றைய பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை என்று மூக்காவில் பெரியவர்கள் குறைப்பட்டார்கள், பிள்ளைகள் பிந்துலு, மீரி நகரங்களுக்கு வேலைக்குப் போகிறார்கள். செம்பனை நட்ட மூன்றாம் வருஷம் காசு பார்க்கலாம், அந்தக் கணக்கை நான் யாரிடமும் மறுத்துப் பேச முடியாது. அரசு 1980களிலிருந்து சேகோவையே பெருந்தோட்டமாகப் போட்டும் பார்த்தது. ஆழமான கரிச்சதுப்பில் வரிசையாக நட்டதில் நிறைய மரங்கள் ஓலையாகவே நின்றுவிட்டன, தண்டு எழும்பவில்லை. கிராமத்துக்காரர்கள் எந்த மேட்டில், எந்த ஆற்றங்கரையில் நடுவது என்று தலைமுறையாகத் தெரிந்து வைத்திருந்தார்கள். அவர்கள் நடும் இடம் வரைபடத்தில் நேர்க்கோடாக வராது.

என் கோபம் கடைசியாகச் சட்டத்தின் மேல். சரவாக்கில் பூர்வகுடிகளின் பாரம்பரிய நில உரிமைக்கு 1958 நிலச் சட்டம்தான் அடிப்படை. அந்த வருஷம் ஜனவரி 1க்கு முன்னால் காட்டை வெட்டித் திருத்திக் குடியேறியது, பழமரம் நட்டது, பயிரிட்டது, இடுகாடு வைத்தது போன்றவற்றைக் காட்டினால் உரிமை உண்டு. காட்டை வெட்டியவருக்குச் சாட்சி இருக்கிறது. முற்றியதை மட்டும் எடுத்து, மிச்சத்தை விட்டு, சில வருஷம் கழித்துத் திரும்பி வந்த பெனான் குடும்பம் எதைக் காட்டும்? அவர்கள் நல்லபடியாகக் காத்ததே அவர்களுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. அதனால்தான் பெனான் கிராமங்கள் பல வருஷம் உழைத்துத் தங்கள் காடுகளைத் தாங்களே அளந்து, 2017ல் வரைபடங்களாக வெளியிட்டார்கள். ஆறுகளின் பெயர்கள், கல்லறைகள், ஊதுகுழல் அம்புக்கு நஞ்சு எடுக்கும் மரங்கள், சேகோத் தூர்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. நெல் வயலுக்குப் பட்டா கொடுக்கிற ஒரு அரசாங்கம், மூன்று தலைமுறை பேணிய சேகோத் தூரையும் பயிராக ஏற்றுக்கொள்ள வேண்டும், அந்த வரைபடத்தை நீதிமன்றத்தில் சாட்சியாக எடுத்துக்கொள்ள வேண்டும். மூக்காவிலும் கிராமமே வைத்து நடத்தும் சின்ன ஆலைகளுக்குக் கடன் கொடுக்க வேண்டும், அந்தக் கடனைப் பெண்களின் பெயரில் எழுத வேண்டும். மாவு யாருடையது என்று அந்த மாக்சிக்குத் தெரியும், வங்கிக்கும் தெரியட்டும்.